நான்கு மிட்டாய் கிடைத்த பிள்ளை: நடுநிலை வகுப்புகளில் நியாயம் கற்பித்தல்

ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அநியாயம் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆசிரியர் வகுப்பை விட்டு வெளியே போன பத்து நிமிடத்தில் லீடர் கரும்பலகையின் ஓரத்தில் பேசியவர்கள் பெயரை எழுதுகிறான். தன் நண்பன் பெயரை விட்டுவிடுகிறான். தனக்கு ஆகாதவன் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி போட்டு இரண்டு, மூன்று என்று ஏற்றிக்கொண்டே போகிறான். திரும்பி வந்த ஆசிரியர் பலகையில் இருப்பதை அப்படியே நம்பி, பெயர் உள்ளவர்களை முட்டி போடச் சொல்கிறார். நடந்தது என்ன என்பது வகுப்பில் உள்ள அத்தனை பேருக்கும் தெரியும். "சார், அவனும்தான் பேசினான்" என்று ஒரு குரல் எழும். "வாயை மூடு" என்பதுதான் பெரும்பாலும் பதில்.

அந்த ஒற்றை வாக்கியத்தில் ஒரு முழு முறையீடு இருக்கிறது: ஒரே செயலுக்கு ஒரே விதி வேண்டும், சாட்சி சொல்பவன் சார்பற்றவனாக இருக்க வேண்டும், குற்றம் சாட்டப்பட்டவனைக் கேட்க வேண்டும். பிள்ளைகள் இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் வருகிறார்கள் என்றால், நியாயத்தைப் பற்றிப் பள்ளி கற்பிக்க என்ன மீதி இருக்கிறது? கடந்த நூறாண்டு ஆய்வுகளையும் நம் வகுப்பறைகளையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குக் கிடைக்கும் விடை இது: தனக்குக் குறைந்ததைக் கண்டுகொள்ளும் திறன் பிள்ளையிடம் தானாக வளர்கிறது. தனக்குக் கூடுதலாகக் கிடைத்ததைக் கண்டுகொள்ளும் திறன் அப்படி எல்லா இடத்திலும் தானாக வளர்வதில்லை. நடுநிலைப் பள்ளி செய்ய வேண்டிய வேலை அங்கேதான் இருக்கிறது. அதைப் பாடத்தால் மட்டும் செய்ய முடியாது.

இந்த ஆய்வுகளின் தொடக்கம் சுவிட்சர்லாந்தில் கோலி விளையாடிய சிறுவர்களிடம் இருக்கிறது. 1932இல் வெளிவந்த தம் நூலுக்காக ழான் பியாஜே அவர்களோடு உட்கார்ந்து, விளையாட்டின் விதிகளை யார் உண்டாக்கியது, மாற்றலாமா, மாற்றினால் அது நியாயமா என்று கேட்டார். சின்னப் பிள்ளைகள் விதியைப் பெரியவர்கள் இறக்கி வைத்த பொருளாகப் பார்த்தார்கள். பத்து, பதினொரு வயதை ஒட்டியவர்களோ எல்லாரும் ஒத்துக்கொண்டால் மாற்றலாம் என்றார்கள். இன்னொரு கேள்வியில் இரண்டு சிறுவர்கள். ஒருவன் கதவைத் திறக்கும்போது தெரியாமல் 15 கோப்பைகள் உடைகின்றன. மற்றவன் அம்மா இல்லாத நேரம் பார்த்து ஜாம் எடுக்கப் போய் ஒரே ஒரு கோப்பையை உடைக்கிறான். யார் செய்தது பெரிய தப்பு? சிறியவர்கள் உடைந்த கோப்பைகளை எண்ணினார்கள். வளர்ந்தவர்கள் நோக்கத்தைப் பார்த்தார்கள். பங்கீட்டிலும் இப்படி ஒரு வரிசையைப் பியாஜே கண்டார். பெரியவர் சொன்னதே நியாயம் என்பது முதலில். எல்லாருக்கும் ஒரே அளவு என்பது அடுத்து. ஏறத்தாழ 11, 12 வயதில், அவரவர் நிலைமையைப் பார்த்துக் கொடுப்பதும் நியாயமாகலாம் என்ற எண்ணம். நம் ஆறாம் வகுப்பு சரியாக இந்தத் திருப்பத்தில் நிற்கிறது.

ஒரே அளவு என்பதில் பிள்ளைகளுக்கு இருக்கும் பிடிவாதம் எவ்வளவு என்பதை அமெரிக்காவில் அலெக்ஸ் ஷா, கிறிஸ்டினா ஓல்சன் இருவரும் 2012இல் வெளியிட்ட சோதனை காட்டியது. இரண்டு பையன்கள் அறையைச் சுத்தம் செய்தார்கள், அவர்களுக்குப் பரிசாக ஐந்து அழிரப்பர்கள். ஆளுக்கு இரண்டு போக மீதி ஒன்று. ஆறு முதல் எட்டு வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்த ஐந்தாவது ரப்பரை ஒருவனுக்குக் கூடுதலாகக் கொடுப்பதைவிடக் குப்பையில் போடுவதே மேல் என்றார்கள். ஒருவன் அதிக வேலை செய்தான் என்று சொன்னதும் தயங்காமல் அவனுக்குக் கொடுத்தார்கள். நார்வேயில் ஐந்தாம் வகுப்பு முதல் பள்ளி இறுதி வரையிலான மாணவர்களிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வும் இதைத் தொடர்கிறது. சேர்ந்து ஈட்டிய பணத்தைப் பங்கிடச் சொன்னபோது ஐந்தாம் வகுப்பினரில் பெரும்பாலோர் சரிபாதியாகப் பிரித்தார்கள். வயது ஏற ஏற, அதிகம் ஈட்டியவருக்கு அதிகம் என்பதை ஏற்பவர் தொகை கூடியது.

ஆக, 'உழைத்தவனுக்குத்தான்' என்ற எண்ணம் உருவாகி இறுகுகிற வயது இது. அதில் தவறில்லை. ஆனால் உழைப்பதற்கு மேசை, விளக்கு, ஓய்வு, அமைதியான வீடு யாருக்கு வாய்த்தது என்ற கேள்வியையும் இதே வயதில் கேட்கப் பழகாவிட்டால், பிறகு பழகுவது கடினம்.

இந்தக் கேள்விக்கு எனக்கு மிகவும் உதவிய ஆய்வு 2015இல் 'நேச்சர்' இதழில் வந்தது. பீட்டர் பிளேக், கேத்தரின் மெக்காலிஃப் முதலானோர் ஏழு நாடுகளில், 4 வயது முதல் 15 வயது வரை, 866 இணைப் பிள்ளைகளிடம் நடத்தியது. எதிரெதிரே இரண்டு பிள்ளைகள் உட்கார்வார்கள். நடுவில் இரண்டு கைப்பிடிகள் உள்ள ஒரு கருவி, அதன் மேல் மிட்டாய் போன்ற தின்பண்டம். ஒரு பிள்ளை மட்டுமே முடிவெடுக்கும். பச்சைப் பிடியை இழுத்தால் இருவருக்கும் அவரவர் பங்கு. சிவப்பை இழுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. தனக்கு ஒன்று, எதிரில் இருப்பவருக்கு நான்கு என்று வந்தபோது, ஏழு நாட்டுப் பிள்ளைகளும் ஒரு குறிப்பிட்ட வயதுக்குப் பிறகு சிவப்பை இழுத்தார்கள். கையில் வரவிருந்த ஒன்றையும் இழக்கத் தயாரானார்கள். தனக்கு நான்கு, மற்றவருக்கு ஒன்று என்று வந்தபோதோ கதை மாறியது. கனடா, அமெரிக்கா, உகாண்டா ஆகிய மூன்று இடங்களில் மட்டும், அதுவும் வளர்ந்த பிள்ளைகள், அந்த நான்கையும் வேண்டாம் என்றார்கள். இந்தியா, மெக்சிகோ, பெரு, செனகல் நாடுகளில் ஆய்வு நடந்த ஊர்களில் அது தென்படவில்லை.

இதை வைத்து எந்த நாட்டுப் பிள்ளை நல்ல பிள்ளை என்று தீர்ப்பு எழுதுவது மடமை. ஒவ்வொரு நாட்டிலும் ஓரிரு ஊர்கள்தான் பார்க்கப்பட்டன. முகம் தெரிந்தவரிடம் பகிர்வதற்கும் ஆய்வாளர் வைக்கும் கருவியின் முன் முடிவெடுப்பதற்கும் தொலைவு அதிகம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. முதல் உணர்வு எங்கும் வருகிறது. இரண்டாவது சில இடங்களில் வருகிறது, சில இடங்களில் வருவதில்லை. சூழலுக்கு ஏற்ப மாறுகிற ஒன்றில் பள்ளிக்கும் பங்கு உண்டு.

நம் பள்ளிகளில் இதற்கென்று இருந்தது நீதிபோதனை பீரியட். வாரத்துக்கு ஒன்று, பெரும்பாலும் கணக்கு ஆசிரியர் தம் பாடத்தை முடிக்க வாங்கிக்கொள்வது. 2016இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பாடத்தில் சேர்க்கச் சொன்னது. 'நடுவு நிலைமை' என்று நியாயத்துக்கே ஓர் அதிகாரம் வைத்த நூல் நம் கையில் இருப்பது பெரிய பேறு. ஆனால் மனப்பாடம் செய்து ஒப்பித்தால் முழு மதிப்பெண் என்ற ஏற்பாட்டுக்குள் அது நுழையும்போது என்ன ஆகிறது என்பதும் நமக்குத் தெரியும்.

போதனைக்கு எவ்வளவு ஆற்றல் உண்டு என்று அளந்து பார்த்தவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சியது. அமெரிக்காவில் ஹார்ட்ஷோர்ன், மே இருவரும் 1928 முதல் 1930 வரை வெளியிட்ட மூன்று தொகுதிகளில், பல ஆயிரம் பிள்ளைகளை ஏமாற்ற வாய்ப்புள்ள சூழல்களில் வைத்துப் பார்த்ததைப் பதிவு செய்தார்கள். நேர்மையைப் பற்றிக் கேட்ட போதனைக்கும் நேர்மையாக நடப்பதற்கும் தொடர்பு மிகக் குறைவாகவே இருந்தது. ஒரே பிள்ளை ஓரிடத்தில் நேர்மையாகவும் இன்னோரிடத்தில் வேறு மாதிரியும் நடந்தது. அங்கேயே 2010இல் அரசின் கல்வி ஆய்வு நிறுவனம், பள்ளி முழுமைக்குமான ஏழு நற்பண்புத் திட்டங்களை 84 தொடக்கப் பள்ளிகளில் சோதித்து அறிக்கை தந்தது. பொதுவாகப் பார்த்தால் பயன் எதுவும் தெரியவில்லை.

அப்படியானால் கதைகளை விட்டுவிடலாமா? கூடாது. கதையை ஆசிரியர் எங்கே முடிக்கிறார் என்பதுதான் கேள்வி. மனுநீதிச் சோழனை எடுத்துக்கொள்வோம். திருவாரூரில் இளவரசனின் தேர்க்காலில் கன்று சிக்கி இறக்கிறது. பசு ஆராய்ச்சி மணியை அடிக்கிறது. அரசன் தன் மகனையே தேர்க்காலில் இடுகிறான். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சிலையாக நிற்கிற கதை. வழக்கமாக, "இதுவே நீதி" என்று சொல்லிவிட்டு ஆசிரியர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைப் பேசவிட்டால் முதலில் வரும் கேள்வி, "அவன் தெரியாமத்தானே ஏத்தினான், சார்?" என்பது. பியாஜேயின் 15 கோப்பைகள் இங்கே வந்துவிட்டன. விபத்துக்கும் கொலைக்கும் ஒரே தண்டனையா? அடுத்து, "கன்னுக்குட்டிக்குப் பதிலா ஒரு ஆளையா?" பிறகு, கொஞ்சம் பொறுத்தால், அமைதியாக இருக்கும் யாராவது ஒரு பிள்ளையிடமிருந்து, "வேற யாராவது பண்ணியிருந்தா ராஜா என்ன தண்டனை குடுத்திருப்பாரோ, அதையேதானே மகனுக்கும் குடுக்கணும்?" இந்த மூன்றாவது கேள்விதான் கதையின் உயிர். அதிகாரம் கையில் உள்ளவன் தன் வீட்டுக்குள்ளும் அதே விதியைக் கொண்டுவந்தான் என்பதற்காகத்தான் அந்தக் கதை இத்தனை நூற்றாண்டு நின்றிருக்கிறது; தண்டனையின் கொடூரத்துக்காக அல்ல. பிள்ளைகள் தாங்களே அங்கே வந்து சேர ஒரு பீரியட் முழுக்க ஆகலாம். அந்த நாற்பது நிமிடம் வீண் இல்லை.

கலந்துரையாடலுக்குப் பலன் உண்டு என்பதற்குச் சான்று இருக்கிறது. லாரன்ஸ் கோல்பர்க்கும் மோஷே பிளாட்டும் 1975இல் வெளியிட்ட ஆய்வில், எளிதில் விடை கிடைக்காத அறச் சிக்கல்களை வாரந்தோறும் வாதிட்ட மாணவர்களின் சிந்தனை, வாதிடாதவர்களைவிட முன்னேறியிருந்தது. சிந்தனை முன்னேறியது, நடத்தை எவ்வளவு மாறியது என்பது தனிக் கேள்வி. அந்த இடைவெளியைக் கோல்பர்க்கே உணர்ந்துதான் பிறகு பள்ளியின் அமைப்பையே மாற்றிப் பார்க்கப் போனார்.

வகுப்பில் வாதிட நல்ல சிக்கலை அமர்த்திய சென் 2009இல் வந்த 'நீதி பற்றிய கருத்து' நூலில் தருகிறார். ஒரு புல்லாங்குழல், மூன்று பிள்ளைகள். ஒருத்திக்கு மட்டுமே வாசிக்கத் தெரியும். ஒருவனுக்கு விளையாட வேறு பொருளே கிடையாது. இன்னொருத்திதான் மாதக்கணக்கில் உழைத்து அந்தக் குழலைச் செய்தவள். யாருக்குக் கொடுப்பது? மூவர் பக்கமும் வலுவான நியாயம் இருக்கிறது என்பதே சென்னின் வாதம். நம் பள்ளிக்குள் இதே சிக்கலைத் தேடி அலைய வேண்டாம். மாவட்ட அறிவியல் கண்காட்சிக்கு ஒரே ஓர் ஆளை அனுப்பலாம். மாதிரியைச் செய்தவள் ஒருத்தி. தடையில்லாமல் பேசி விளக்கக்கூடியவன் ஒருவன். இதுவரை எந்தப் போட்டிக்கும் அனுப்பப்படாத மூன்றாமவள். வழக்கமாக நன்றாகப் பேசுபவன்தான் போவான், காரணம் கேட்கப்படாமலே. ஒரு முறை வகுப்பையே காரணம் சொல்லி முடிவெடுக்கச் சொல்லட்டும். எந்த முடிவு வந்தாலும், விட்டுப்போன இருவருக்கும் ஏன் என்று சொல்ல வேண்டிய கடமை முடிவெடுத்தவர்களுக்கு வந்துவிடும்.

இடஒதுக்கீட்டைப் பற்றிப் பேச வேண்டிய வயதும் இதுதான். உதவித்தொகைப் படிவத்தில் சிலரை மட்டும் கையெழுத்துப் போடக் கூப்பிடும்போது, "அவங்களுக்கு மட்டும் ஏன்?" என்ற முணுமுணுப்பு ஆறாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. ஆசிரியர் பதில் சொல்லாமல் நகர்ந்தால், வீட்டிலும் தெருவிலும் கிடைக்கும் பதில் நிலைத்துவிடும். எளிதான இடத்திலிருந்து தொடங்கலாம். பார்வைக் குறைபாடு உள்ள மாணவிக்குத் தேர்வில் கூடுதல் நேரமும் எழுத உதவியாளும் கொடுப்பது நியாயமா என்று கேட்டால் வகுப்பே "ஆமாம்" என்கிறது. அடுத்து, அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீதம் ஒதுக்கி 2020இல் தமிழகம் கொண்டுவந்த சட்டம். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அதன் பயனாளிகள் என்பதால் அதற்கான காரணங்களை அவர்களே அடுக்குவார்கள். அந்தக் காரணங்களை அப்படியே பலகையில் எழுதி வைத்துக்கொண்டு, தலைமுறை தலைமுறையாகப் பள்ளிக்குள்ளேயே விடப்படாதவர்களுக்கும் இவை பொருந்துமா என்று கேட்கும்போதுதான் வகுப்பு உண்மையில் யோசிக்கத் தொடங்குகிறது. முதல் இரண்டு படிகளைத் தாண்டாமல் நேரே மூன்றாவதில் நின்று போதித்தால் காதுகள் அடைத்துக்கொள்கின்றன.

சாதியை ஒதுக்கிவிட்டுத் தமிழகப் பள்ளியில் நியாயம் கற்பிக்க முடியாது. 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்புப் படித்த ஒரு பட்டியல் சமூக மாணவனையும் தடுக்க வந்த அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்களில் உடன் படித்தவர்களும் இருந்தார்கள். பதினேழு வயதில் அரிவாள் எடுத்தவர்கள் பதினோரு வயதில் எந்த வகுப்பறையில் எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள், கையில் என்ன நிறத்தில் கயிறு கட்டியிருந்தார்கள், அதைப் பார்த்த ஆசிரியர்கள் என்ன செய்தார்கள்? இந்தக் கேள்விகளைத்தான் அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு எடுத்துக்கொண்டது. 2024 ஜூனில் தந்த அறிக்கையில், சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம் முதலியவற்றுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளங்களை நீக்குதல், பெயரின் அகர வரிசைப்படி இருக்கை, பள்ளிகளில் நல அலுவலர் என்று பல பரிந்துரைகள் உள்ளன.

அகர வரிசை இருக்கை கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் யார் யாரோடு உட்காரலாம் என்று ஊர் எழுதி வைத்த விதியை எடுத்துவிட்டு, யாருக்கும் சார்பில்லாத ஒரு விதியை அந்த இடத்தில் வைப்பது சின்ன வேலை இல்லை. ஒரே ஒரு குறை: உத்தரவாக மட்டும் வந்தால் பிள்ளைகள் அதை இன்னொரு கெடுபிடியாகவே எடுத்துக்கொள்வார்கள். ஏன் இந்த முறை என்பதை அவர்களிடமே விவாதத்துக்கு வைக்க வேண்டும். 2025இல் வகுப்புகளில் 'ப' வடிவ இருக்கைக்கு அரசு சொன்னபோது, மலையாளப் படம் ஒன்று தந்த தூண்டுதலும் அறையின் அளவும் கழுத்து வலியும் பேசப்பட்ட அளவுக்கு, கடைசி பெஞ்சில் யார் ஏன் தங்கிவிடுகிறார்கள் என்பது பேசப்படவில்லை. அதைச் சொல்லக்கூடியவர்கள் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள்தான்.

பாடநூல்களில் பொருள் இல்லாமல் இல்லை. தமிழக ஆறாம் வகுப்புக் குடிமையியலில் 'சமத்துவம் பெறுதல்' ஒரு பாடம். என்.சி.இ.ஆர்.டி. 2006இல் கொண்டுவந்த ஆறாம் வகுப்பு நூல், அம்பேத்கர் ஒன்பது வயதில், 1901இல், அப்பாவைப் பார்க்க ரயிலில் போய் இறங்கியபோது, சாதி தெரிந்ததும் நிலைய அதிகாரி விலகிப் போனதையும் மாட்டுவண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்ததையும் சொன்னது. படிக்கிற பிள்ளைகளைவிட இரண்டு வயது சின்னப் பையனின் அனுபவம். இதை நடத்தும்போது இரண்டு தவறுகள் நேர்கின்றன. ஒன்று, அரசமைப்பின் 17ஆவது உறுப்பு எதை ஒழித்தது என்ற ஒரு மதிப்பெண் வினாவாகப் பாடம் சுருங்கிவிடுவது. மற்றது இன்னும் மோசம்: வகுப்பில் உள்ள பட்டியல் சமூகப் பிள்ளையைப் பார்த்து, "உனக்கு இப்படி நடந்திருக்கா? சொல்லு" என்று கேட்பது. அந்தப் பிள்ளை எதற்கும் சாட்சியாக நிறுத்தப்படக் கூடாது. கேள்வி மறுபக்கம் போக வேண்டும். அந்த வண்டிக்காரன் வீட்டுப் பிள்ளை அன்று திண்ணையில் நின்று பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பான், என்ன செய்திருக்கலாம்? நான்கு மிட்டாய் கிடைத்தவனிடம் கேட்கிற கேள்வி அது.

அனுபவிக்க வைத்தே கற்பிக்கலாம் என்று சிலர் முயன்றிருக்கிறார்கள். 1968 ஏப்ரலில், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள், அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் ரைஸ்வில் என்ற சிற்றூரில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை தம் மூன்றாம் வகுப்பைக் கண்ணின் நிறத்தால் பிரித்து, ஒரு நாள் ஒரு நிறத்தாரை உயர்த்தி, இன்னொரு நாள் மாற்றினார். உலகப் புகழ் பெற்ற பயிற்சி. பிள்ளைகளை அறிவிக்காமல் காயப்படுத்தியது சரியா என்ற எதிர்ப்பும் அன்றிலிருந்து தொடர்கிறது. நம் வகுப்புகளில் இதைச் செய்யவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. நிஜமான பிரிவினையை வீட்டில் தினமும் பார்க்கிற பிள்ளைகள் நடுவே இன்னொரு பிரிவினையை விளையாட்டாக உண்டாக்குவது ஆபத்து.

எண்ணிப் பார்க்கச் சொல்வது பாதுகாப்பான வழி, வலுவானதும்கூட. ஒரு வாரம் விளையாட்டு வேளையில் மைதானத்தின் நடுப்பகுதியில் யார் இருந்தார்கள், ஓரத்தில் யார் நின்றார்கள் என்று பிள்ளைகளே குறித்துவரட்டும். வகுப்பைப் பெருக்கியது யார், குடத்தில் தண்ணீர் எடுத்துவந்தது யார், மைக் பிடித்தது யார். பெண் பிள்ளைகளுக்கு இந்தப் பட்டியலில் புதிதாக ஒன்றும் இருக்காது. ஆண் பிள்ளைகளில் பலர் முதல் முறையாகத் தங்கள் பங்கை எண்ணில் பார்ப்பார்கள். பழைய என்.சி.இ.ஆர்.டி. ஏழாம் வகுப்பு நூலில், 1998-99 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பிலிருந்து ஓர் அட்டவணை இருந்தது. தமிழகத்தில் பெண்கள் வாரத்துக்கு 35 மணி நேரம் கூலியில்லாத வீட்டு வேலை, ஆண்கள் 4 மணி நேரம். அதே கணக்கைத் தங்கள் வீட்டில் எடுத்துவரச் சொன்னால், எந்தப் போதனையும் இல்லாமல் பாடம் நடந்துவிடும். வீட்டிலிருந்து எதிர்ப்பு வரலாம். தலைமையாசிரியர் துணை நிற்காவிட்டால் ஆசிரியர் மறுமுறை அதைத் தொட மாட்டார்.

பள்ளியின் அன்றாட நடைமுறைக்கு வருவோம். பிள்ளைகள் நியாயத்தையும் அநியாயத்தையும் அதிகம் கற்பது இங்கேதான். டேவிட் யேகர் முதலானோர் 2017இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்க நடுநிலைப் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. தண்டனைகளில் பாரபட்சம் இருப்பதை அவர்கள் கண்டுகொண்டு, ஏழாம் வகுப்பு வாக்கில் பள்ளியின் மீது நம்பிக்கை இழக்கத் தொடங்கினார்கள். அப்படி அதிகம் இழந்தவர்கள் அடுத்த ஆண்டு அதிகம் தண்டனைக்கு உள்ளானார்கள். பிறகு கல்லூரிக்குப் போவதும் குறைந்தது. அதே குழுவின் 2014 ஆய்வு நம்பிக்கை தருவது. ஏழாம் வகுப்புக் கட்டுரைகளை ஆசிரியர்கள் திருத்திக் கொடுத்தபோது சிலவற்றில், உன்னால் உயர்ந்த தரத்தை எட்ட முடியும் என்று நம்புவதால்தான் இவ்வளவு திருத்தங்கள் என்ற பொருளில் ஒரு சிறு குறிப்பு ஒட்டப்பட்டது. சாதாரணக் குறிப்பு பெற்ற கறுப்பின மாணவர்களில் 17 சதவீதம் பேர் கட்டுரையைத் திருத்தி மறுபடி கொடுத்தார்கள். இந்தக் குறிப்பைப் பெற்றவர்களில் 72 சதவீதம். சிவப்பு மையின் பின்னால் வெறுப்பு இல்லை என்று தெரிந்தால் பிள்ளை கண்டிப்பை நியாயமாக ஏற்கிறது.

நம் ஆறு முதல் எட்டாம் வகுப்பு மதிப்பீட்டில் நூற்றுக்கு 40 மதிப்பெண் வளரறி மதிப்பீட்டுக்கு உரியது. அது முழுக்க ஆசிரியர் கையில். செயல்பாட்டுக்கு எவ்வளவு, எதற்குக் குறையும் என்பதை முன்கூட்டியே சுவரில் ஒட்டுவதும், குறைந்தது ஏன் என்று கேட்க வாரத்தில் ஒரு நேரம் ஒதுக்குவதும் செலவில்லாத சீர்திருத்தங்கள். ஒருவன் விசிலடித்ததற்கு வகுப்பே முட்டி போடுவது உடனே நிற்க வேண்டியது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடுக்கிறது. கூட்டுத் தண்டனை இரண்டுமாகவே இருக்கிறது. பள்ளிகளில் வைக்கப்பட்ட 'மாணவர் மனசு' பெட்டியில் போட்ட புகாருக்கு என்ன ஆனது என்று பிள்ளைக்குத் திரும்பச் சொல்லப்படாவிட்டால், அந்தப் பெட்டியும் தவறான பாடத்தையே நடத்தும்.

பிள்ளைகளிடமே நீதிமன்றத்தைக் கொடுத்துப் பார்த்தவர் போலந்தின் யானுஷ் கோர்ச்சாக். வார்சாவில் யூத அனாதைப் பிள்ளைகளுக்கான இல்லத்தை நடத்திய குழந்தை மருத்துவர். அங்கே அந்த வாரம் எந்த வழக்கிலும் சிக்காத பிள்ளைகளிலிருந்து சீட்டு எடுத்து ஐந்து நீதிபதிகள். அவர்களுக்கென எழுதப்பட்ட சட்டத்தில் பிரிவுகளின் எண் ஆயிரம் வரை போகும். முதல் 99 பிரிவுகளும் மன்னிக்கவோ வழக்கைக் கைவிடவோ உரியவை. ஆயிரமாவது மட்டுமே இல்லத்தை விட்டு நீக்குவது. ஊழியர்கள் மீதும் வழக்குத் தொடுக்கலாம். ஆறு மாதத்தில் ஐந்து முறை கோர்ச்சாக் தம்மைத் தாமே அந்த நீதிமன்றத்தில் நிறுத்தினார்: ஒரு பையனின் காதில் அறைந்ததற்கு, ஒருவனைப் படுக்கை அறையிலிருந்து வெளியேற்றியதற்கு, ஒரு சிறுமியைத் திருடி என்று சந்தேகித்ததற்கு. 1942இல் நாஜிகள் அந்தப் பிள்ளைகளை ட்ரெப்ளிங்கா முகாமுக்குக் கொண்டுபோனபோது அவரும் உடன் போய் இறந்தார்.

கோல்பர்க் 1974இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் தொடங்க உதவிய கிளஸ்டர் பள்ளியில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் தலைக்கு ஒரு வாக்கு. ஒரு மாணவியின் பையிலிருந்து 9 டாலர் திருடு போனது. எடுத்தவர் யாரென்று தெரியவில்லை. கூட்டத்தில் நெடுநேரம் வாதிட்டு, ஆளுக்கு 15 சென்ட் போட்டு அவளுக்குத் திருப்பித் தருவது என்று முடிவாயிற்று. மேலோட்டமாகப் பார்த்தால் இதுவும் ஒருவன் தப்புக்கு எல்லாரும் சுமப்பதுதான். ஆனால் ஆசிரியர் சுமத்தும் கூட்டுத் தண்டனை பிள்ளைகளைக் காட்டிக்கொடுப்பவர்களாக்குகிறது. அவர்களே ஏற்ற கூட்டுப் பொறுப்பு இழந்தவளின் பக்கம் அவர்களைத் திருப்புகிறது.

இதையெல்லாம் நாற்பது பேர் வகுப்பில் அப்படியே கொண்டுவர முடியாது. பொறுப்பு இல்லாமல் அதிகாரம் மட்டும் கொடுத்தால் மாணவர் மன்றமும் லீடர் பெயர் எழுதுவதும் ஒன்றாகிவிடும். தொடங்குவதற்கு ஏற்ற இடங்கள் உண்டு: லீடர் பொறுப்பு மாதந்தோறும் சுற்றி வரட்டும், பலகையில் பெயர் எழுதுவது நிற்கட்டும், வாரத்தில் ஒரு பீரியட் வகுப்பின் வழக்குகளைப் பிள்ளைகளே வட்டமாக உட்கார்ந்து பேசட்டும், அதில் ஆசிரியர் மீதான முறையீடும் இடம்பெறட்டும்.

இந்தக் கடைசி யோசனையில்தான் ஆசிரியர்கள் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தை அலட்சியமாகப் பேச எனக்கு மனமில்லை. தங்கள் முறையீட்டுக்கே பதில் கிடைக்காதவர்களும் அவர்களில் உண்டு. 2012இல் தமிழக அரசு ஆறு முதல் எட்டாம் வகுப்புகளுக்கு ஓவியம், உடற்கல்வி முதலியவை கற்பிக்க 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாயில் நியமித்தது. ஊதியம் பிறகு உயர்ந்தாலும் பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். 2009 ஜூன் 1 முதல் சேர்ந்த இடைநிலை ஆசிரியர்கள், அதற்கு முந்தைய நாள் வரை சேர்ந்தவர்களைவிடக் குறைந்த அடிப்படை ஊதியத்தில், சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டுச் சென்னையில் பல முறை போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். விளையாட்டு சார் ஏன் வாரத்தில் மூன்று நாள்தான் வருகிறார், ஆசிரியர் அறையில் அவருக்கு ஏன் நாற்காலி இல்லை என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெரியும். அதே அறையில் நிரந்தரப் பணியில், முழு ஊதியத்தில் இருப்பவர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். தங்களுக்குக் கிடைத்த நான்கைப் பற்றி அவர்கள் பிள்ளைகள் முன்னால் என்ன பேசுகிறார்கள், அந்த மூன்று நாள் ஆசிரியரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதை வகுப்பு கவனித்துக்கொண்டிருக்கிறது. ஆசிரியர் பயிற்சியில் இதற்கு ஒரு மணி நேரமாவது வேண்டும்.